இருபத்திரண்டு கைநாட்டும் ஒரு கையெழுத்தும்

கல்லேரிக்குப்பத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஆண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் வீரமுத்து ஒருவர்தான். அந்தப் பெருமையை அவர் வீணாக்கவில்லை. பால் சொசைட்டியில் போடுவார், ரேஷன் கடையில் போடுவார். யாரும் கேட்காவிட்டாலும் டீக்கடைப் பெஞ்சின் மேல் ஈர விரலால் போட்டுக் காட்டுவார். ‘வீ’யின் சுழிக்கு மட்டும் கால் நிமிடம் எடுத்துக்கொள்வார்.

படிக்கத் தெரியாது என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மனைவி செத்த பிறகு அது இன்னும் பத்திரமாகிவிட்டது. காலையில் டீக்கடையில் பேப்பரை அகல விரித்துப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படிப்பான். அவன் வரியை முடிப்பதற்குள், "அதான் நான் நேத்தே சொன்னேன்ல" என்பார்.

அறுபத்து நாலு வயது. ஏரிக்குக் கீழே அறுபது செண்ட் நிலம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கடிதம் போடுவான். அதை வீரமுத்து யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. அதனால் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி அவருக்கு நான்கு மாதம் கழித்து, பஸ்ஸில் எதிர்ப்பட்ட சொந்தக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அது எண்பத்தெட்டாம் வருஷம். முந்தின புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்களின் சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியிருந்தது. நடந்து போக வேண்டிய ரோட்டில் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் படுத்துக்கிடந்தன. அந்த வாரத்தில் ஊரில் ஒரு வைக்கோல்போர் எரிந்தது. காலனியில் இரண்டு கூரை எரிந்தது. யார் வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமில்லாமல் தெரியும். அதிலிருந்து காலனிக்காரர்கள் ஊர்த்தெரு வழியாக வராமல் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் நடவுக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, கூலி ஜாஸ்தி கொடுத்து, அவர்கள் கோணல்மாணலாக நட்டுவிட்டுப் போனதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நஷ்டம் இரண்டு பக்கமும். வீம்பும் அப்படியே.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் காசிநாதன் டிவிஎஸ் வண்டியில் ரெக்சின் பையோடு வந்து சேர்ந்தான். நாற்பது வயது இருக்கும். மேல் வரிசையில் ஒரு தங்கப் பல். எந்த ஊர் என்று கேட்டால், கேட்கிறவரின் சம்பந்தி ஊருக்குப் பக்கத்து ஊரைச் சொல்வான். ஊர்ப் பக்கம் வந்தால் அவன் சங்கத்து ஆள். "இருபது சதவீதம் வரப்போவுதுங்க. வந்துச்சின்னா அறுபது வயசு தாண்டுனவங்களுக்குத் தனிப் பென்ஷன். இப்பவே பேரு பதிஞ்சவங்களுக்குத்தான்" என்பான். காலனிப் பக்கம் போனால் அவன் கவர்மெண்ட் ஆள். "மறியல்ல வேலை போன நாளுக்கு நஷ்டஈடு வருதும்மா. வயசானவங்களுக்கு மொதல்ல" என்பான். சங்கத்துக்கும் அவனைத் தெரியாது, கவர்மெண்டுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லாததால் ஒரே பையில் இரண்டு கதையை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பிழைப்பு நடந்தது.

ஊரில் முதலில் யாரும் மசியவில்லை. காசிநாதன் டீக்கடையில் வீரமுத்துவைப் பார்த்தான். பேப்பர் தலைகீழாக இல்லை என்றாலும், பக்கத்தைத் திருப்பாமலே அரைமணி நேரம் ஒருவர் படிப்பதை அவன் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க படிச்சவரு. நீங்க சொன்னாதாங்க இவங்க கேப்பாங்க" என்றான்.

அதோடு வீரமுத்து முடிந்தார். தன் கையெழுத்தை ‘வீ’ சுழியோடு போட்டார். வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு கிழவன் கிழவிகளை அழைத்து வந்து கைநாட்டு வைக்கச் சொன்னார். தலைக்கு இரண்டு ரூபாய் காசிநாதன் கொடுத்தான். அந்தக் காசு சாராயமாகி, சாராயம் வேறொன்றாகி, ஏரிக்கரை மண்ணில் கலந்து ஒரு மாதம் ஆகிறது.

குறுக்கே நின்றது கலையரசி ஒருத்திதான். வீட்டு முன்னறையில் கிளைத் தபால் ஆபீஸ் நடத்தியவள். மாதாமாதம் முதியோர் பென்ஷன் மணியார்டரை அவள்தான் எண்ணிக் கொடுப்பாள். "எந்தப் பேப்பர்ல கைநாட்டு வெச்சீங்க? எடுத்தாந்து காட்டுங்க, படிச்சுச் சொல்றேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். தான் படித்துச் சொன்ன பிறகு இன்னொருத்தி படித்துப் பார்ப்பதா என்று வீரமுத்துவுக்கு வந்தது கோபம். "அவ மணியார்டருக்கு அஞ்சு ரூவா புடிச்சிகினு குடுக்கறா. அதான் நம்ம காசிநாதன கண்டா எரியுது" என்று ஒரு கதையைக் கிளப்பிவிட்டார். ஊர் அதை நம்பியது. ஐந்து ரூபாய் என்று துல்லியமாகச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காசிநாதன் வீரமுத்துவிடம் சணல் கட்டிய ஒரு பெரிய கவரைக் கொடுத்து, கள்ளக்குறிச்சியில் பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு பத்திர எழுத்தரிடம் சேர்க்கச் சொன்னான். பஸ் காசும் டீக் காசும் கொடுத்தான். படிக்கத் தெரியாத தபால்காரர் கிடைப்பது எவ்வளவு சௌகரியம்!

அந்த எழுத்தர் ஒரு சாவுக்குப் போயிருந்தார். பக்கத்து மேசையில் சுப்புராயன் என்ற இன்னொரு எழுத்தர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்துக்கு மேல வருவாரு. குந்துங்க" என்றார்.

வீரமுத்து குந்தினார். கால்மணி நேரம் சும்மா இருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"இதுல நம்ம கையெழுத்து ஒண்ணு கீது. நல்லா வந்துருக்கான்னு பாக்கணும். கண்ணாடி எடுத்தாரல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

சுப்புராயன் சணலை அவிழ்த்து, தாள்களைப் புரட்டி, கையெழுத்தைக் கண்டுபிடித்தார். "பேஷ். ‘வீ’ ஜோரா இருக்கு" என்றார். பிறகு அவர் கண் அப்படியே மேலே ஏறியது. ஏற ஏற மூக்கைச் சிந்த மறந்துபோனார்.

"பெரியவரே, இதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியாம? சங்கத்து மனு. வரி வுடாம படிச்சிட்டுதான போட்டேன்."

"அப்பிடியா? ஏரிக்குக் கீழ உங்க அறுபது செண்ட்ட விக்க, அடமானம் வெக்க, பணம் வாங்கிக்க, எல்லாத்துக்கும் காசிநாதன்னு ஒருத்தருக்கு முழு அதிகாரம் குடுத்திருக்கீங்க. பவர் பத்திரம். படிச்சிட்டுதான் குடுத்தீங்கன்னா உங்களுக்குப் பெரிய மனசுதான்."

சுப்புராயன் மற்ற தாள்களையும் புரட்டினார். எல்லாம் அதேதான். ஊரில் பன்னிரண்டு, காலனியில் பத்து. வரிசையாக நீல மையில் பெருவிரல்கள். ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவில் துண்டு துண்டாகக் கிடந்த நிலமெல்லாம் சேர்ந்து பதினாலு ஏக்கர் வந்தது.

"ஜவ்வரிசி ஆலை போட மேக்கத்திக்காரன் ஒருத்தன் எடம் தேடிகினு இருக்கான்னு பேச்சு. இப்பப் புரியுது" என்றார் சுப்புராயன்.

"கிழிச்சிப் போடுய்யா!"

"கிழிச்சா நாளைக்கு வேற தாள்ல வாங்கிடுவான். பெருவிரலு ஊர்லதான இருக்கு? இது ரிஜிஸ்தர் ஆவணும்னா ஆளுங்க நேர்ல வந்து ஆமாம்னு சொல்லணும். வர்ற வியாழக்கிழமைன்னு மேல எழுதி வெச்சிருக்கான். அதுக்குள்ள போயி எல்லாருகிட்டயும் விஷயத்தச் சொல்லுங்க. கவர ஒண்ணும் தெரியாத மாதிரி அந்த எழுத்தருகிட்டயே குடுத்துடுங்க."

"நானா சொல்லணும்? பன்னெண்டு பேர நான்தான கூட்டியாந்து வெக்கச் சொன்னேன்."

"பின்ன, நானா கூட்டியாந்து வெச்சேன்?"

வீரமுத்து கவரைக் கொடுத்துவிட்டு கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினார். கல்லேரிக்குப்பம் கைகாட்டி வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நின்றது. வீரமுத்து எழவில்லை. பன்னிரண்டு முகமும் வரிசையாகக் கண்முன் வந்தன. அதில் நான்கு பேர் வயதில் மூத்தவர்கள், கை ஓங்கினால் தடுக்கவும் முடியாது. பஸ் நகர்ந்தது. அடிவாரத்தில் இறங்கி, மளிகை ஏற்றிக்கொண்டு போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையைத் தாண்டி இருந்த செல்லமுத்துவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். செல்லமுத்து மலைக்காரர். கடுக்காயும் புளியும் கீழே சந்தைக்குக் கொண்டுபோக ஒரு காலத்தில் வீரமுத்துவின் வண்டியைத்தான் வாடகைக்குப் பிடிப்பார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் வீரமுத்து.

"மழைல, மாத்துத் துணி கூட இல்லாம?" என்றார் செல்லமுத்து.

சாமைச்சோறு இரண்டாவது உருண்டை உள்ளே போனதும் வீரமுத்து சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார், படிக்கத் தெரியாததைத் தவிர.

"ரெக்சின் பையா? தங்கப் பல்லா?" என்று கேட்டார் செல்லமுத்து. பிறகு தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "இங்கயும் வந்தான்யா ஆனி மாசம், ஆட்டு லோன் தர்றேன்னு. ஊரே பலாப்பழம் அறுத்துகினு இருந்துச்சி. எல்லாரு கையிலயும் பாலு. வரிசையா வந்து நாட்டுனோம். தாளோட தாளு ஒட்டிகிச்சி, மைப்பெட்டி கையோட ஒட்டிகிச்சி. கெரசின் ஊத்திக் கழுவித்தான் அனுப்பி வெச்சோம்."

வீரமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்கு முன்னால என் தம்பி ஒருத்தன் இப்பிடித்தான் வேற எவனுக்கோ விரலக் குடுத்துப் புளியந்தோப்ப வுட்டான்" என்றார் செல்லமுத்து, சிரிப்பை நிறுத்திவிட்டு. "வெக்கத்துல ரெண்டு வருஷம் வாயத் தொறக்கல. அந்த ரெண்டு வருஷத்துல அடுத்தடுத்த ஊர்ல ஆறு பேரு நிலம் போச்சி. அப்புறந்தான் பேசி வெச்சிகினோம். பேப்பரோட எவன் வந்தாலும் தனியா பாக்கறதில்ல. எல்லாரும் குந்திகினு, படிக்கத் தெரிஞ்சவன வுட்டுச் சத்தமா படிக்கச் சொல்லிட்டுத்தான் மத்தது. நீயும் வேணும்னா ரெண்டு வருஷம் இங்கயே இரு. களை எடுக்க ஆளு இல்லாமத்தான் கஷ்டப்பட்டுகினு இருக்கேன்."

மறுநாள் முதல் ஜீப்பிலேயே வீரமுத்து இறங்கிவிட்டார். களை எடுக்கும் பேச்சுக்குப் பயந்து என்று செல்லமுத்து பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். முழுவதும் பொய் என்று சொல்ல முடியாது.

நேராகக் கலையரசியிடம் போனார். தபால் மூட்டைக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு அரக்கை ஊதி அணைத்தாள்.

"மாமா, என்னப் பத்தி ஊர்ல இன்னா சொல்லிகினு இருந்தீங்க?"

"நான் ஒண்ணும்..."

"அஞ்சு ரூவா."

வீரமுத்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொன்னேன்."

"யாரு யாருகிட்ட?"

"எல்லாருகிட்டயும்தான்."

"சரி. அதே எல்லாருகிட்டயும் போயி இதையும் சொல்லுங்க. ஊர்ல ஒரு வூடு விடாம சேதி சேக்கறதுக்கு உங்கள மாதிரி ஆளு எனக்குக் கெடைக்காது" என்றாள். பிறகு செருப்பை மாட்டினாள். "மொதல்ல காலனிக்குப் போலாம் வாங்க."

"காலனிக்கா?"

"அங்க பத்து பேரு. அவங்க போயி ஆமாம்னு சொல்லிட்டா நடுவுல நடுவுல அவன் நிலம். உங்க அறுபது செண்ட்டுக்கு வரப்பு மேல பறந்துதான் போவணும்."

வரப்பு விஷயம் வீரமுத்துவுக்கு உடனே புரிந்தது.

கண்ணகி ஏரிக்கரையில் விறகு கட்டிக்கொண்டிருந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் முப்பது பெண்களைத் திரட்டி அழைத்துப் போகும் மேஸ்திரி அவள். அவள் மாமியார் செல்லியம்மாளின் கைநாட்டும் அந்தப் பத்திரங்களில் இருந்தது.

"வாங்க. ஒரு வருஷமா இந்தப் பக்கம் காணமே. இன்னாங்க வேணும், தீப்பெட்டியா?" என்றாள்.

கலையரசி விஷயத்தைச் சொன்னாள். அதுவரை ‘ங்க’ போட்டே பேசிவந்த கண்ணகி, அதைக் கழற்றி விறகோடு கீழே போட்டாள்.

"யோவ், படிச்ச மனுசன்னு சொல்லிகினு திரிஞ்சியே, இன்னாத்தய்யா படிச்ச அதுல?"

"கண்ணாடி இல்ல அன்னிக்கி" என்றார் வீரமுத்து.

கண்ணகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பென்ஷன் நாளில் பத்து பேரையும் தபால் ஆபீசுக்கு அழைத்து வருவதாகச் சொன்னாள். ஊர்த்தெரு வழியாகவே அழைத்து வருவேன் என்றும் சொன்னாள்.

அப்படியே அழைத்து வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துக் கிழங்களும் ஒரே அறையில் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த சிறுசேமிப்பு நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலையரசி சொல்லி அனுப்பியதால் சுப்புராயனும் பஸ்ஸில் வந்து இறங்கினார். பத்திரத்தில் இருந்ததை ஞாபகத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார். அவர் முடித்ததும் எழுந்த கூச்சலில் கலையரசியின் தராசுத் தட்டு ஆடியது. வைக்கோல்போர் எரிந்த கிழவர் வீரமுத்துவின் துண்டைப் பிடித்துக்கொண்டு, "தலைக்கு ரெண்டு ரூவா வாங்குனியேடா" என்றார். காலனிக் கிழவி ஒருத்தி, "எங்கள ஒருத்தனும் கூட்டியாரல, நாங்களா போயி ஏமாந்தோம்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

"நாம யாரும் போவாம வுட்டுட்டா?" என்றார் ஒருவர்.

"வேற இருபத்திமூணு கெழவன் கெழவிய நிறுத்தி, இதுங்கதான் அதுங்கன்னுடுவான்" என்றார் சுப்புராயன். "நாட்டுல கெழவனுக்கா பஞ்சம்? நீங்களே வந்து இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா அதிகாரி ரிஜிஸ்தர் பண்ண மாட்டாரு."

இல்லை என்று சொல்ல ஒத்திகை நடந்தது. எல்லோருக்கும் வந்தது, செல்லியம்மாளைத் தவிர. அவளுக்குச் சுத்தமாகக் காது கேட்காது. எதிரே வாய் அசைந்தால் சிரித்துக்கொண்டே "ஆமாம்" என்பாள். எழுபது வருஷமாக அது எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. கண்ணகி காதில் கத்தினாள், கையைக் கிள்ளினாள். "ஆமாம், ஆமாம்" என்றாள் செல்லியம்மாள்.

புதன்கிழமை கலையரசியும் வீரமுத்துவும் போலீசுக்கும் போய்ப் பார்த்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காலை நாற்காலியில் வைத்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"மரம் வெட்டுனானா?"

"இல்லைங்க."

"பஸ் மேல கல்லு?"

"இல்லைங்க."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்தீங்க? நாளைக்கு மறுபடியும் மறியல்னு பேச்சு அடிபடுது. இருக்கற ஆளே பத்தல. நிலம் போனப்புறம் வாங்க."

வியாழக்கிழமை காலை காசிநாதன் ஒரு டெம்போ வேன் கொண்டுவந்தான். உள்ளே புரோட்டாப் பொட்டலங்கள் மணத்தன. ஊருக்கு ஒரு நடை, காலனிக்கு ஒரு நடை என்று கணக்குப் போட்டு வந்தவன், இருபத்து மூன்று பேரும் தபால் ஆபீஸ் வாசலில் சேர்ந்து நிற்பதைப் பார்த்துத் தங்கப் பல் மறையும்படி வாயை மூடினான். ஆனால் ஆலைக்காரனிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. டிவிஎஸ் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டான். மாமியாருக்குக் காது கேட்காது என்று சொல்லிக் கண்ணகியும் ஏறினாள். கலையரசி லீவு எழுதிப்போட்டு முதல் பஸ்ஸிலேயே போயிருந்தாள். இடம் போதாமல் ஊர்க் கிழவர் மடியில் காலனிக் கிழவரின் ஊன்றுகோல் கிடந்தது. வழியெல்லாம் புரோட்டா தின்றார்கள். ஏமாற்ற வந்தவன் வாங்கித் தந்தது என்பதால் யாரும் கௌரவம் பார்க்கவில்லை.

பத்திர ஆபீசில் அதிகாரி சின்ன உருவம், பெரிய கண்ணாடி. கலையரசியும் சுப்புராயனும் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பத்திரம் வீரமுத்துவுடையது.

"இது நீங்க போட்ட கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"சம்மதப்பட்டுத்தான் போட்டீங்களா?"

"இல்லைங்க. மனுன்னு பொய் சொல்லி வாங்கிட்டான்."

காசிநாதன் அசரவில்லை. பாதி வழியிலேயே ஏதோ வாடை அவனுக்கு வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். "சார், பெரியவரு தெனம் பேப்பர் படிக்கறவரு. வரி வுடாம படிச்சிட்டுத்தான் போட்டாரு. வெல பத்தலன்னு இப்பப் பேச்சு மாத்தறாரு. அவரு படிச்சவரா இல்லையான்னு ஊர்க்காரங்களயே கேளுங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "படிச்சவர்தானா?"

பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொய் சொல்லக்கூடாது என்றுதான் ஒத்திகையில் சொல்லியிருந்தது. "ஆமாங்க, படிச்சவருதான்" என்றார் வைக்கோல்போர்க் கிழவர். சுப்புராயன் தலையில் கை வைத்தார்.

அதிகாரி பத்திரத்தை வீரமுத்துவிடம் நீட்டினார். "மொத வரியப் படிங்க."

வீரமுத்து தாளை வாங்கினார். எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்திருப்பார். நாற்பது வருஷமாகக் கட்டிக்காத்தது. டீக்கடை முழுவதும் முதுகுக்குப் பின்னால் நின்றது. கண்ணகி நின்றாள்.

"தெரியாதுங்க" என்றார்.

"இன்னா தெரியாது?"

"படிக்கத் தெரியாதுங்க. கையெழுத்து மட்டும்தான் தெரியும். சின்ன வயசுல எங்க மாமன் மண்ணுல எழுதிக் காட்டுனாரு. அது படம் மாதிரி மனசுல நின்னுகிச்சி. மத்தபடி ஒரு எழுத்து தெரியாது. இதுல ‘வீ’ எதுன்னு கேட்டாக்கூட என் பேர்ல இருக்கறதத்தான் காட்டுவேன்."

வைக்கோல்போர்க் கிழவர் தாங்க முடியாமல் கேட்டார்:

"அப்ப தெனம் பேப்பர்ல இன்னாத்தடா பாத்த?"

"படம்."

பியூன் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும். அதிகாரிகூட பத்திரத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வீரமுத்துவுக்கு மானம் போனது தெரிந்தது. போனதில் உடம்பு ஏனோ லேசாகவும் இருந்தது.

அதன்பிறகு வேகமாக நடந்தது. ஒவ்வொருவராக வந்து இல்லை என்றார்கள். பென்ஷன் என்றான், நஷ்டஈடு என்றான் என்று இரண்டு கதையும் அதிகாரியின் மேசைமேல் முதல்முறையாகச் சந்தித்தன. கடைசியில் செல்லியம்மாள்.

"நிலத்துக்கு பவர் கொடுக்கச் சம்மதமா?"

"ஆமாம்."

கண்ணகி கண்ணை மூடிக்கொண்டாள். காசிநாதன் முகத்தில் பல் மின்னியது. அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த ஆள் உங்கள ஏமாத்துனானா?"

"ஆமாம்."

"நான் உங்க அப்பாவா?"

"ஆமாம், ஆமாம்" என்றாள் செல்லியம்மாள், அன்பாக.

அதிகாரி பேனாவை எடுத்து இருபத்து மூன்றிலும் பதிவு மறுக்கப்பட்டது என்று எழுதினார். காசிநாதனைக் கூப்பிட்டார். அவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

வெளியே ஓடி வந்து பார்த்தால் வேன் டிரைவர்தான் நின்றான். "வாடகை யாரு தருவாங்க?" என்றான். காசிநாதன் சேலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதாக வெற்றிலைக்கடைக்காரர் சொன்னார். எல்லோரும் சோர்ந்துபோனார்கள். அப்போதுதான் கலையரசி ரோட்டைப் பார்த்தாள். ஒரு வண்டியும் நகரவில்லை. நான்குமுனையில் மறியல் தொடங்கியிருந்தது. சேலம் பஸ் இரண்டு பர்லாங் தள்ளி, முன்னாலும் பின்னாலும் லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் இருபத்து மூன்று பேரும் மெதுவாக நடந்து போய் அந்த பஸ்ஸைச் சூழ்ந்தார்கள். காசிநாதன் ஜன்னலோரம் துண்டால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணகி வெளியிலிருந்தே துண்டை உருவினாள். கூச்சல் கேட்டு மறியலில் உட்கார்ந்திருந்த வாலிபர்கள் கொடியோடு ஓடிவந்தார்கள். காலனிப் பக்கத்து ஆட்களைப் பார்த்ததும் ஒருவன், "இதுங்க இன்னா இங்க?" என்று குரலை உயர்த்தினான்.

வைக்கோல்போர்க் கிழவர் அவன் முன்னால் போய் நின்றார். "எங்க ஊருடா. எங்ககூட வந்தவங்க. ஒதுங்கு." சொன்ன பிறகு, தான் சொன்னதா என்று அவருக்கே கொஞ்சம் திகைப்பு.

சங்கத்தின் பேரைச் சொல்லிக் கிழவன் கிழவிகளை ஏமாற்றினான் என்று தெரிந்ததும் அந்த வாலிபர்களே காசிநாதனை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இறக்கிய விதத்தில் தங்கப் பல் தனியாக இறங்கியது. பந்தோபஸ்துக்கு நின்ற அதே சப்-இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார்.

"நேத்து சொன்னோமே, அந்த ஆளு" என்றாள் கலையரசி.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மறியல் செய்தவர்களோடு அவனையும் வேனில் ஏற்றிப் போக்குவரத்துக்கு இடையூறு என்று எழுதிக்கொண்டார். மோசடி வழக்கு பதிய இன்னும் பத்து நாளும், அந்த அதிகாரி எழுதிக்கொடுத்த அறிக்கையும், கலையரசியின் பதினோரு ரிஜிஸ்தர் தபாலும் வேண்டியிருந்தன. டெம்போ டிரைவர் சாயங்காலம் எல்லோரையும் ஊரில் கொண்டுவந்து விட்டான். வாடகைக்கு ஈடாக, அங்கே நின்ற டிவிஎஸ் வண்டியை ஏற்றிக்கொண்டு போனான்.

காசிநாதன் நாற்பது நாளில் ஜாமீனில் வந்தான். உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூரில் இன்ஷூரன்ஸ் ஆளாகச் சுற்றுகிறான் என்று காதில் விழுந்ததும், கலையரசி அங்கிருந்த தபால்காரருக்குப் பல் இல்லாத அடையாளத்தோடு ஒரு கார்டு போட்டாள். சுப்புராயன் மாதம் ஒருமுறை பென்ஷன் நாளில் பஸ் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, யார் எந்தத் தாளை நீட்டினாலும் சத்தமாகப் படித்துக் காட்டினார். செல்லமுத்து கடுக்காயோடு கீழே வரும்போதெல்லாம் மலையில் எந்தப் பையோடு எவன் திரிகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணகியின் முப்பது பெண்களும் எந்த ஊருக்கு நடவுக்குப் போனாலும் அங்கிருந்து சேதி கொண்டுவந்தார்கள். கூலியைப் பற்றி ஊரும் காலனியும் முன்போலவே சண்டை போட்டுக்கொண்டன. ஆனால் சண்டை போட நேரில் வந்தார்கள். வீரமுத்து பத்து நாள் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு போனார். மகன் கடிதங்களைக் கலையரசியிடம் ஒரு கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் படித்துக்கொண்டே போனாள். ஆறு வருஷக் கடிதம். நடுவில் ஓரிடத்தில் அவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாத்தியார் கையில் பெரிய நோட்டோடு கல்லேரிக்குப்பத்தில் வந்து இறங்கினார். எலெக்‌ஷன் வருகிறது, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வேண்டும் என்றார். நிஜமாகவே கவர்மெண்ட் அனுப்பிய ஆள். இரண்டாவது வீட்டைத் தாண்டுவதற்குள் அவரைத் தபால் ஆபீசுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டார்கள். கால்மணி நேரத்தில் ஊரும் காலனியும் கூடிவிட்டன.

"சத்தமா படிங்க" என்றார் வீரமுத்து. "மொதல்லேருந்து."

வாத்தியார் படித்தார். பட்டியலில் வீரமுத்துவுக்கு எண்பத்து நாலு வயது, செல்லியம்மாள் ஆண். செத்துப்போனவர்கள் ஏழு பேர் நல்ல சுகத்தோடு இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வாதம் நடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, தொண்டை கட்டிய குரலில், சரிபார்த்ததற்கு அடையாளமாக யாராவது நான்கு பேர் கைநாட்டு வையுங்கள் என்றார் வாத்தியார்.

அறையில் ஒருவரும் அசையவில்லை.

"செவ்வாய்க்கிழமை சுப்புராயன் வருவாரு. அவரு பாத்துட்டு சொன்னாதான்" என்றார் வீரமுத்து.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க" என்றார் வாத்தியார், அழாக்குறையாக.

"அதனால இன்னா சார்?" என்றாள் கண்ணகி. "சோறு போடறோம். இருங்க."